வாயிற்கதவில் தொங்கிய பலகை

சரிபார்த்தவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். நோய் பற்றிய செய்திகள் என் குறிப்பேட்டிலும் மருத்துவமனை தந்த குருதிச் சோதனைத் தாள்களிலும் உள்ளவை. பிறர் பேச்சுகளை, பேசியவரிடமே மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். நோயுற்ற குழந்தை இருக்கும் வீட்டைச் சுற்றி ஊகங்கள் களைபோல் வளரும். பப்பாளி இலைச் சாற்றில் குணமான பிள்ளைகளைப் பற்றிய காணொளிகள் எனக்கு நாள்தோறும் வந்தன. என் மகள் இறந்துவிட்டாள் என்று காம்பாரில் ஒரு திருமண வீட்டில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அவள் என்னருகில் அமர்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

இன்னொரு காரணமும் உண்டு. எதையும் சரிபார்த்தே ஏற்கும் பழக்கம் உடையவள் என்று என்னைப் பற்றி நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தையும் இங்கே சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நான் மலேசியாவில் தாப்பா என்னும் ஊருக்கு அருகில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியை. எங்கள் வீடு இருக்கும் தாமான், முன்னாள் இரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்பு. தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்தடுத்து இருந்த குடும்பங்களே இங்கும் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கணவர் டேவிட் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வருவார். மகள் அருள்மொழிக்கு நோய் தொடங்கியபோது வயது ஒன்பது.

முதலில் கால் வலித்தது. வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கும் என்றார்கள், நானும் நம்பினேன். பிறகு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவளின் முதுகில் நீலமாகக் கன்றிய தடங்கள் இருந்தன. யார் அடித்தார்கள் என்று கேட்டேன். "யாரும் அடிக்கலம்மா" என்றாள். நான் நம்பவில்லை. இரண்டு முறை அதட்டிக் கேட்டேன். அதுவும் குறிப்பேட்டில் இருக்கிறது.

தாப்பாவில் எடுத்த குருதிச் சோதனை எங்களை அன்றே ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பியது. அங்கே இடுப்பு எலும்பிலிருந்து மச்சையை ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். மச்சை என்பது எலும்பின் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி. குருதியின் அணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. அருள்மொழியின் மச்சையில் முதிராத வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. இது குருதிப் புற்றுநோயின் ஒரு வகை. குழந்தைகளிடம் காணப்படும் புற்றுநோய்களில் மருந்துக்கு நன்கு இணங்கும் வகை என்று மருத்துவர் சொன்னார். அவர் மலாய்ப் பெண்மணி; மலாயில்தான் பேசினார். "நன்கு" என்பதற்கு அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, வாகனம் நிறுத்துமிடத்தில் அமர்ந்து பல முறை படித்தேன். பிறகுதான் டேவிட்டை அழைத்தேன். பின்னணியில் எந்திரங்களின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "நீ சாப்டியா?" என்று கேட்டார்.

மருந்தேற்றம் தொடங்கியது. இந்த மருந்துகள் கெட்ட அணுக்களைக் கொல்லும். கூடவே நோய்க்கிருமிகளோடு போரிடும் நல்ல வெள்ளணுக்களையும் குறைக்கும். அவை குறைந்திருக்கும் நாட்களில் பிறருக்குச் சாதாரணமான சளிகூட இவளுக்கு ஆபத்தாகலாம். இதை மருத்துவர் விளக்கிய அன்றே, விரிவுரை கேட்கும் மாணவியைப்போல் எழுதிக்கொண்டேன். தேவாலயத்தாருக்கும் உறவினருக்கும் உடனே செய்தி அனுப்பினேன்: யாரும் மருத்துவமனைக்கு வர வேண்டா.

யாரும் வரவில்லை. எங்கள் மக்கள் ஆசிரியை சொன்னால் கேட்பவர்கள்.

அந்த வார்டில் நண்பகலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்வையாளர் நேரம். ஒரு படுக்கைக்கு இருவர் என்பது விதி. ஆனால் இருவர் வெளியே சென்றதும் அடுத்த இருவர் வருவார்கள். எதிர்ப்படுக்கையில் சிறுநீரகக் கோளாற்றுக்காக வந்திருந்த மலாய்ச் சிறுமிக்கு அத்தைகள், சித்திகள், பள்ளித் தோழிகள் எல்லோரும் வந்தார்கள். அருள்மொழி கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் படுத்தபடி எண்ணினாள்.

"அந்தப் பாப்பாவுக்கு இன்னிக்கு ஏழு பேரும்மா."

"ம்."

"நேத்து அஞ்சுதான். சனிக்கெழமன்னா கூட வருவாங்க போல."

"நீ கொஞ்சம் தூங்கு."

"தூங்கினா எப்படி எண்றது?"

மிஸ்ஸி ஒருவர், அதாவது செவிலியர், இதைக் கேட்டுவிட்டார். சித்தியவான் ஊரைச் சேர்ந்த தமிழ்ப் பெண். அதன்பின் பார்வையாளர் நேரத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, கையைக் கழுவிவிட்டு எங்கள் தடுப்புக்குள் வருவார். "வணக்கங்க, நோயாளியப் பாக்க வந்திருக்கேன். ஆரஞ்சு வாங்கிட்டு வரல, மன்னிச்சிக்குங்க" என்பார். அருள்மொழி விரலை நீட்டி, "ஒண்ணு" என்று எண்ணுவாள். எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது.

ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று பிற்பகலே ஒரு வெள்ளைப் பலகையை வாங்கி, சிவப்பு மையில் எழுதி, கம்பியால் வாயிற்கதவில் கட்டினேன். "குழந்தைக்குத் தொற்று ஆகாது. அருள்கூர்ந்து உள்ளே வர வேண்டா." கீழே மலாயிலும் அதையே எழுதினேன். எழுத்துகள் நேராக அமைய வேண்டுமென்று முதலில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டேன்.

பிறகு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யாராவது சாப்பாடு கொண்டுவருவார்கள். கோழிச்சாறு, இடியப்பம், ஒருமுறை யாரோ கேமரன் மலையிலிருந்து வாங்கிவந்த முள்ளங்கி. பையை வாயிற்கதவில், பலகைக்குக் கீழே மாட்டிவிட்டு, சிறிது தூரம் நடந்துசென்ற பின் தொலைபேசியில் அழைப்பார்கள்: "டீச்சர், கேட்ல மாட்டிருக்கேன்." நான் சன்னலிலிருந்து கையசைப்பேன். அவர்களும் கையசைப்பார்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை; எத்தனையோ நாள் அந்தப் பைகளால்தான் உண்டோம். ஆனால் அன்பு வாயிற்கதவு வரையில் வந்து நின்றது. நிறுத்தியவள் நான். பள்ளிக்கு விடுப்பு எடுத்து ஈப்போவுக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த மாதங்களில், வார நாட்களில் என் குரலையும் மகளின் குரலையும் தவிர அவ்வீட்டில் வேறு குரல் கேட்டதில்லை. நண்பகல் உணவு இடைவேளையில் தொலைபேசி வழியே வரும் டேவிட்டின் குரலை இதில் சேர்க்கவில்லை.

திசம்பர் வந்தது. எங்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் கீதக் குழு ஒன்று உண்டு. கேரல் என்பது மக்கள் வழக்கு. தோட்டக் காலத்தில் லயம் லயமாகச் சென்றவர்கள் இப்போது தாமான் தாமானாகச் செல்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே வந்து இரண்டு பாட்டு, ஒரு செபம், பிறகு பலகாரம். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் தருவார். எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவார்கள். குழுத் தலைவர் சாமுவேல் அண்ணன் பட்டியலோடு அழைத்தபோது, எங்கள் பெயரை அடித்துவிடச் சொன்னேன்.

"வெளியவே நின்னு ஒரு பாட்டு பாடிட்டுப் போறோமே டீச்சர்."

"வேண்டாண்ணே. கேட்டா உள்ள கூப்பிடச் சொல்லுவா. மனசு கஷ்டப்படும்."

குழு அடுத்த வீட்டில் பாடியது. பாட்டு முடிந்ததும் சிரிப்பொலி, தட்டுகளின் ஓசை. பிறகு எங்கள் வாயிலைக் கடக்கும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, காலடி ஓசைகூட எழாமல் நடந்துபோனார்கள். அருள்மொழி சன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் சமையலறையிலிருந்து அவள் குதிகால்களை மட்டும் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு, கடுமையான மருந்துகள் முடிந்து மாத்திரைகளும் மாதாந்திர ஊசியும் கொண்ட நீண்ட கட்டம் தொடங்கியபின், ஒருநாள் மருத்துவர் கேட்டார்: கடும் நோயுற்ற பிள்ளைகளின் ஆசை ஒன்றை நிறைவேற்றித் தரும் அமைப்பு இருக்கிறது, அருள்மொழியின் பெயரைத் தரலாமா?

இறக்கப்போகும் பிள்ளைக்குத்தான் ஆசை கேட்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். மகளைச் செவிலியரோடு அனுப்பிவிட்டு, நேராகவே கேட்டேன்: "என்னிடம் எதையாவது மறைக்கிறீர்களா?" அவர் சோதனைத் தாள்களை என் பக்கம் திருப்பிவைத்து, வரிவரியாகக் காட்டினார். மறைவு ஏதுமில்லை. ஆசைப்பட்டியலில் பெயர் சேர்ப்பது நோயின் கடுமைக்காக, முடிவுக்காக அன்று. எத்தனையோ பிள்ளைகள் பிறகு வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள் என்றார். நான் ஒப்பமிட்டேன்.

அமைப்பிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் சீனப் பெண். மற்றவர் சுமதி, ஈப்போவில் வங்கி வேலை பார்த்துக்கொண்டு விடுமுறை நாட்களில் இந்தப் பணி செய்பவர். அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. ஆசையைக் கேட்கும்போது பெற்றோர் அறையில் இருக்கக் கூடாது.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அம்மா அப்பா பக்கத்துல இருந்தா புள்ளைங்க அவங்க ஆசையத்தான் சொல்லும்" என்றார் சுமதி.

முதல் நாளே நான் மகளிடம் சொல்லிவைத்திருந்தேன்: மடிக்கணினி கேள், படிப்புக்கு ஆகும். "ம்" என்றிருந்தாள். மருத்துவமனைச் சிற்றறை ஒன்றில் அவர்கள் பேசினார்கள். நான் நடைக்கூடத்து நாற்காலியில் காத்திருந்தேன். உள்ளே மகள் சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கணக்கிட முயன்றேன், முடியவில்லை.

நான்கு நாள் கழித்துச் சுமதி அழைத்தார்.

"டீச்சர், பாப்பா மூணு ஆசை சொல்லுச்சு. நாங்க மூணு கேப்போம், ஒண்ணு முடியலன்னா இன்னொண்ணுக்கு. ஆனா பாப்பா சொன்ன மூணும் ஒண்ணுதான்லா."

"லேப்டாப்பா?"

"லேப்டாப் பத்திப் பேச்சே இல்ல. கேரல்காரங்க வீட்டுக்குள்ள வரணுமாம். வந்து ஒக்காந்து சாப்பிடணுமாம்."

"இது ஜூன் மாசம்லா."

"நானும் அதத்தான் சொன்னேன். ‘பரவால்ல ஆண்ட்டி, பாட்டு மறந்திருக்காது'ன்னு சொல்லுது. ரெண்டாவது, வந்தவங்க செருப்பெல்லாம் வாசல்ல கெடக்கணுமாம்."

"மூணாவது?"

"கேட்ல ஒரு பலகை இருக்காமே. அத எடுக்கணும். ‘உங்களால எடுக்க முடியுமா ஆண்ட்டி, எங்கம்மா எடுக்க மாட்டாங்க'ன்னு கேட்டுச்சு."

ஏதோ சொல்ல வேண்டுமே என்று, மருத்துவர் இசையமாட்டார் என்றேன். அவருடைய கடிதம் இல்லாமல் எந்த ஆசையையும் நிறைவேற்றுவதில்லை, கேட்டுப் பாருங்கள் என்றார் சுமதி.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது கேட்டேன். மருத்துவர் வியப்போடு பார்த்தார். "வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்று யார் சொன்னது?"

"நீங்கள்தான்."

"எப்போது?"

குறிப்பேடு பையில் இருந்தது. அதை எடுக்கும்போது எனக்குள் சிறு பெருமிதம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தைத் திருப்பி, மலாயில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன்: "வெள்ளணு குறைவாக உள்ள நாட்களில் வருகையாளர் வேண்டா." அடுத்த வரியும் என் கையெழுத்தில்தான் இருந்தது. படிக்கத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. "எண்ணிக்கை உயர்ந்தபின், நலமாக உள்ள ஓரிருவர் கைகழுவி, முகக்கவசம் அணிந்து வரலாம். குழந்தைக்கு மனிதர் முகம் வேண்டும்." கடைசி வாக்கியத்துக்கு அடியில் கோடும் இட்டிருந்தேன்.

மருத்துவர் குறிப்பேட்டை மென்மையாக வாங்கி, மூடி, என் கையில் தந்தார். அவள் பள்ளிக்கே செல்லலாம் என்று இரண்டு மாதங்களுக்கு முன் சொன்னதையும் நினைவூட்டினார். நான் அதையும் தள்ளிப்போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சோதனைத் தாள்களைத் தேடினேன். கீதக் குழு எங்கள் வீட்டைக் கடந்து போனதற்கு இரண்டு நாள் முன்பு எடுத்த குருதியின் முடிவு கிடைத்தது. மருத்துவர் குறித்துத் தந்த எல்லையைவிட அதில் வெள்ளணு எண் மேலே இருந்தது. பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிறகு வெளியே சென்று பலகையைப் பார்த்தேன். மலாய் வரிக்குக் கீழே ஒரு சாண் அளவு வெள்ளையாகவே இருந்தது.

சாமுவேல் அண்ணனை அழைத்தேன். அவர் கேமரன் மலைக்குப் பேருந்து ஓட்டுபவர்.

"ஆறாம் மாசத்துல கேரலா? வெயில்ல தாத்தா உடுப்பப் போட்டா நான் வெந்து போயிருவேன் டீச்சர்."

"முடியாதுன்னா பரவால்லண்ணே."

"யார் முடியாதுன்னது? உடுப்பத் தேடணும்லா. எலி கடிக்காம இருந்தா சரி."

மருத்துவர் கடிதம் தந்தார். எட்டுப் பேருக்கு மேல் வேண்டா. இருமல், காய்ச்சல் உள்ளவர் வரக்கூடாது. கதவும் சன்னல்களும் திறந்திருக்க வேண்டும். பாடி முடியும் வரை எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும். இரண்டு நாள் முன்பு எடுக்கும் குருதிச் சோதனையில் எண் எல்லைக்கு மேல் இருக்க வேண்டும். "இம்முறை முழுவதையும் எழுதுங்கள்" என்றார். எழுதினேன்.

அந்தச் சோதனை முடிவுக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரம், நோயின் பெயரைக் கேட்பதற்குக் காத்திருந்த நேரத்தைவிட நீண்டது. அப்போது அஞ்சுவதற்கு ஒன்றுதான் இருந்தது. இப்போது எண் குறைந்திருந்தால் மகளிடம் நான்தான் சொல்ல வேண்டும்; பலகையை எடுக்காமலிருக்க அம்மா மறுபடி ஒரு காரணம் கண்டுபிடித்தாள் என்று அவள் எண்ணக்கூடும். தாள் வந்தது. எண் எல்லைக்கு மேல் இருந்தது.

டேவிட்டுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஞாயிறு காலை நானே கம்பியை அறுத்தேன். துருப்பிடித்திருந்ததால் நேரமாயிற்று. அருள்மொழி குறடை எடுத்துத் தந்துவிட்டு அருகில் நின்றாள். பலகை இருந்த இடத்தில் மட்டும் வண்ணம் மங்காமல் புதிதாக இருந்தது.

மாலை நான்கு மணிக்குக் குழு வந்தது. சுமதியோடு சேர்த்து எட்டுப் பேர். சாமுவேல் அண்ணன் சிவப்பு உடுப்பில் வியர்வை வழிய நின்றார். எதிர்வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். நான் வாயிற்கதவை அகலத் திறந்துவைத்திருந்தேன். ஆயினும் யாரும் உள்ளே வரவில்லை. தெருவிலேயே வரிசையாக நின்று, அங்கிருந்தே பாடத் தொடங்கினார்கள். பாட்டு முடிந்ததும் சாமுவேல் அண்ணன் கொண்டுவந்திருந்த பலகாரப் பையை, எத்தனையோ முறை செய்ததுபோலவே, திறந்திருந்த வாயிற்கதவின் கம்பியில் மாட்டினார். மாட்டிவிட்டு இரண்டடி பின்னே சென்றார்.

நான் பேச வாயெடுத்தேன். ஆனால் அவர்களை அப்படிப் பழக்கியவள் நான். எந்தச் சொல்லால் அழைப்பதென்று தெரியவில்லை.

முகக்கவசத்துக்குள்ளிருந்து அருள்மொழியின் குரல் வந்தது. "அங்கிள், கேட்ல மாட்டாதீங்க. கையில குடுங்க."

அவர் பையை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"அம்மாவப் பாக்காதீங்க அங்கிள். இது என்னோட ஆசை. உள்ள வாங்கலா, செருப்ப அங்க கழட்டிட்டு."

முதலில் சுமதி சிரித்தார். பிறகு சாமுவேல் அண்ணன், "முதலாளி கூப்புடுறாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே காலணியைக் கழற்றினார். ஒவ்வொருவராகக் கைகழுவி உள்ளே வந்தார்கள். இரண்டு பாட்டு, ஒரு செபம். மேசைமேல் தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தோம். டேவிட் தொழிற்சாலைப் படிக்கட்டில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் முறுக்குத் தின்றார்கள். வருகையாளர் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, அருள்மொழி வாசலுக்குச் சென்று குனிந்து எண்ணிவிட்டு வந்தாள். "எட்டு சோடிம்மா. மலாய்ப் பாப்பாவுக்கு ஏழுதான்."

அவர்கள் போனபின் வீடு முன்னைவிட அமைதியாகத் தோன்றியது. எட்டுக் கோப்பைகளையும் உடனே கழுவாமல் வைத்திருந்தேன்.

இப்போது அவள் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குச் செல்கிறாள். மாத்திரைகள் இன்னும் தொடர்கின்றன. பலகையை எடுத்துவிட்ட பின்னும் மூன்று வீட்டார் பையை வாயிற்கதவில்தான் மாட்டுகிறார்கள், பழகிவிட்டார்கள். இப்போது நான் சன்னலிலிருந்து கையசைப்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் அழைக்கிறேன். சிலர் வருகிறார்கள். சிலர் வேலையிருக்கிறது என்கிறார்கள்.

தெரியாதவை இவை. நோய் திரும்புமா என்பது தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அந்தப் பலகை ஏதேனும் ஒரு தொற்றிலிருந்து அவளைக் காத்ததா என்பது தெரியாது, காத்திருக்கலாம். திசம்பரில் குழு ஓசையின்றிக் கடந்துபோனபோது, திரைக்குப் பின்னால் நின்றவள் என்ன நினைத்தாள் என்பதும் தெரியாது. இதை மட்டும் அவளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். நான் இன்னும் கேட்கவில்லை.